நாற்பத்தோராவது துண்டு

மூன்றாவது தடவையும் கோப்பு நாற்பத்தோராவது துண்டில்தான் நின்றது.

கோட்டையூரில் அந்தப் பெரிய வீட்டின் முன்கட்டில், பகல் பன்னிரண்டு மணி வெயில் கலர்க் கண்ணாடி வழியாக விழுந்து தரையெல்லாம் பச்சையும் சிவப்புமாகக் கிடக்க, மின்விசிறி அவித்த நெல் வாடையைச் சுற்றிச் சுற்றி அடித்தது. முதலாளியின் நெல் அவிக்கும் மில் இருப்பது புதுவயலில். வாடை இங்கே எப்படி வந்தது? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஞானபூரணி மூக்கைச் சுளித்தாள். வெந்தது நெல் மட்டுமில்லை.

மோடம் கோப்பைக் கால்வாசியாகச் சுருக்கி, துண்டு துண்டாகப் போன் லைனில் சென்னை வக்கீலுக்கு அனுப்பும். சுருக்கியதில் ஓர் எழுத்து கெட்டாலும் பின்னால் வருவதெல்லாம் குப்பை. அதனால் கெட்ட துண்டை அந்தப் பக்கம் திருப்பிக் கேட்கும். சரியாகப் போய்ச் சேரும்வரை இது விடாது. மனுசருக்கு அந்தப் புத்தி கிடையாது.

நாற்பத்தோராவது துண்டில் அவள் அடித்த வரி இருந்தது: 'பாய்லர் வெடித்த அன்று காளியாயி வேலைக்கு வரவில்லை.' பொய். குமரப்பன் முதலாளி சொன்னார், அடித்தாள். அவள் வீட்டிலேயே அவள்தான் முதல் பட்டதாரி. படித்த படிப்புக்கு இந்த வேலை. பாய்லர் வெடித்ததிலிருந்து காளியாயியை நான்கு நாளாகக் காணவில்லை. அவள் புருஷன் தினமும் வாசலில் நின்று கத்திவிட்டுப் போகிறான்.

மறுமுயற்சி 7. 8. 9.

இணைப்பு அறுந்தது. போனை எடுத்துக் காதில் வைத்தாள். டயல் டோன் இல்லை. யாரோ மூச்சு விட்டார்கள். ஈரமான மூச்சு, கொதிக்கிற கஞ்சி மாதிரி.

“என்னத்தா, போச்சா?” பின்னால் குமரப்பன்.

“எங்கிட்டுப் போறது? இதே லைன்ல வேற போன் இருக்கா முதலாளி? யாரோ எடுக்குறாக. எடுத்தா அறுந்துபோகும்.”

“பின்னால மூணாங்கட்டுல ஒண்ணு கிடக்கு.” அவர் முகம் மாறியது. “கையெல்லாம் வெந்துபோச்சுன்னாய்ங்களே. காளியாயிக்கு இன்னுமா அசையுது?”

ஞானபூரணி ரிசீவரைக் கீழே வைத்தாள். “ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் முதலாளி. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

“அங்குட்டுக் கொண்டுபோனா மில்லு இருக்காது. நீ டிகிரி படிச்சவ. உன் வேலையப் பாரு.”

கதவோரம் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கத்தியிருக்கலாம். ஓடியிருக்கலாம். நாற்காலியிலேயே இருந்தாள். வேறு போன் இருக்கிறதா என்று கேட்டுக் காட்டிக்கொடுத்ததே அவள்தான்.

பூட்டு. கதவு. அடி. ஈர நெல்மூட்டையில் விழுவது போல. ஒரு முனகல். அடி. அடி.

அப்புறம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

சுவரிலிருந்து பிய்த்த போனைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். வயர் அறுந்து தொங்கியது. ரிசீவரில் ஒரு கையின் தோல், ஐந்து விரலோடு, கையுறை மாதிரி ஒட்டியிருந்தது.

“இப்ப அனுப்பு.”

அனுப்பினாள். மோடம் கிறீச்சிட்டு அடங்கியது. முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.

பிழை.

மறுமுயற்சி 1. 2. 3.

குமரப்பன் கையிலிருந்த கடப்பாரை நழுவி விழுந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை.

மேசையில், அறுந்த வயரோடு கிடந்த ரிசீவரின் துளைகளில் ரத்தக் குமிழிகள் உப்பின. உடைந்தன. மறுபடி உப்பின. உள்ளே எதுவுமில்லாத அந்தத் தோல் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, ரிசீவரை இறுக்கிப் பிடித்தன.