கோலத்தில் விழுந்த பச்சைச் சொட்டு

ஏசுபாதம் அண்ணனின் பள்ளி வேனுக்கு என்ன வயது என்று வேனுக்கே தெரியாது. செம்பாக்கம் ஏரியில் இப்போது நிற்கும் கொக்குகளின் கொள்ளுத்தாத்தா அதன் கூரையில் உட்கார்ந்து ஊர் சுற்றியதாகக் கேள்வி. பெருவெள்ளம் வந்த வருஷம் அது முடிச்சூரில் மிதந்துபோய், வழியில் மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மணியடிக்கும் நேரத்துக்குச் சரியாகப் பள்ளிக்கூட வாசலில் நின்றதாம். பள்ளிக்கூடம்தான் லீவு.

இதெல்லாம் ஏசுபாதம் அண்ணன் வண்டி ஓட்டிக்கொண்டே சொல்வது. சொல்லும்போது சிரிக்கவே மாட்டார். அதனால் ஆறாம் வகுப்பு நித்யஸ்ரீ எல்லாவற்றையும் நம்பினாள். காலையில் வேனில் முதலில் ஏறுகிறவளும் சாயங்காலம் கடைசியாக இறங்குகிறவளும் அவள்தான். மற்றவர்களைவிட அவளுக்குக் கதை அதிகம் கிடைக்கும்.

ஒரு மாதமாக வேனுக்கு உடம்பு சரியில்லை. எஞ்சின் சூடாகாமல் பார்த்துக்கொள்ளும் பச்சைத் தண்ணீர், அதாவது கூலன்ட், எங்கேயோ ஒழுகிக்கொண்டிருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வந்தால் போதும், வேன் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றுவிடும்.

"யாரும் கிட்ட வராதீங்க. இப்ப மூடிய தொட்டா கை வெந்துடும்" என்பார் ஏசுபாதம். சூடு ஆறும்வரை பதினான்கு பிள்ளைகளும் ஓரமாக நிற்பார்கள். பிறகு ஆளுக்குக் கொஞ்சம் பாட்டில் தண்ணீர் கொடுப்பார்கள். ஒருநாள் தண்ணீர் தீர்ந்துபோய் கிரீஷ் எலுமிச்சை ஜூஸை நீட்டினான்.

"வேணாம்பா. பழகிட்டா அப்புறம் தெனம் கேக்கும்" என்றார் ஏசுபாதம்.

மெக்கானிக் குப்புராஜ் மூன்று தடவை வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டார். "சொக்கத்தங்கம்ணா உன் வண்டி. ஒரு சொட்டு கூட வர்ல. நீ குடிச்சிட்டு வண்டி மேல பழி போடறியா இன்னா?"

வெள்ளிக்கிழமை காலை சின்மயியின் வீட்டு வாசலில் வேன் நின்றது. அதுதான் பிள்ளைகளை ஏற்றும் கடைசி நிறுத்தம். சின்மயியின் அம்மா சாவித்ரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கும் என் கோலத்துல பச்சைப் பொட்டு வெச்சாச்சா? குழந்தைகள் தினமும் லேட்டா போறாங்க அண்ணா. எல்லா பேரன்ட்ஸும் பேசிட்டோம். இன்னும் ஒரு தடவை வழியில நின்னுச்சுன்னா வேற வேன் பாத்துடுவோம்."

ஏசுபாதம் தலையை ஆட்டினார். அன்று சாயங்காலம் அவர் ஒரு கதைகூடச் சொல்லவில்லை. கொக்கு இல்லை, வெள்ளம் இல்லை. வேனில் தனியாக உட்கார்ந்திருந்த நித்யஸ்ரீக்கு அது என்னவோ போலிருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியவள், காலையில் தான் போட்ட கோலத்தைப் பார்த்தாள். வேன் காலையிலும் அதன் மேல்தான் நின்றது. இப்போதும் அதன் மேல்தான் நிற்கிறது. குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

"அண்ணா, சின்மயி வீட்டுக் கோலத்துல மட்டும் ஏன் சொட்டுது?"

"அங்க போறதுக்குள்ள வண்டி சூடாயிடுது கண்ணு. சூடானா ஒழுகும்."

"இப்பவும் சூடாத்தானே இருக்கு? ஆனா சொட்டலையே."

ஏசுபாதம் எஞ்சினை அணைக்கப் போன கையை அப்படியே நிறுத்தினார்.

"காலைல இங்க நிக்கும்போது வேன்ல யாரும் இல்ல. இப்பவும் இல்ல. சின்மயி ஏறும்போது பதினாலு பேரும் இருக்கோம்" என்றாள் நித்யஸ்ரீ. "குப்புராஜ் அண்ணா காலி வேனைத்தான் பாத்திருக்காரு. வண்டி ஒழுகறது எங்களாலதான் அண்ணா."

சனிக்கிழமை பத்து மணிக்கு குப்புராஜின் கடை முன்னால் பதினான்கு பிள்ளைகளும் பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்றார்கள். பையும் கட்டாயம் வேண்டும் என்று நித்யஸ்ரீ சொல்லியிருந்தாள். அவள் கையில் ஒரு டப்பா வெள்ளைக் கோலமாவு, ஒரு பொட்டலம் காவிப் பொடி.

சிமென்ட் தரையில் வெள்ளை மாவைப் பாய் விரித்தாற்போலத் தூவினாள். அதன் மேல் காவியால் புள்ளி வைக்க ஆரம்பித்தாள்.

"பாப்பா, இது மெக்கானிக் கடை. கோலப் போட்டி அடுத்த தெரு" என்றார் குப்புராஜ். "எல்லாரும் வண்டில ஏறி உக்காருங்க. நான் கீழ படுத்துப் பாத்துடறேன்."

"ஆள் ஏத்தி எஞ்சின் ஓடற வண்டிக்கு அடியில படுக்கக் கூடாது அண்ணா. அதுக்குத்தான் இந்த மாவு."

குப்புராஜ் படுக்க எடுத்த சாக்கைத் திரும்ப வைத்தார். அவர் தினமும் தன் ஆட்களுக்குச் சொல்லும் வார்த்தை அது.

வேன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நன்றாகச் சூடாகும்வரை ஒரு சுற்று சுற்றி வந்து கோலத்தின் மேல் நின்றது. எஞ்சின் ஐந்து நிமிடம் ஓடியது. பிறகு அணைத்தார்கள். முன் சக்கரம் நின்ற இடத்தில் அடையாளத்துக்கு ஒரு செங்கல். பிள்ளைகள் இறங்கி, ஏலேலோ போட்டு வேனைப் பின்னால் தள்ளினார்கள்.

வெள்ளை மாவில் பளிச்சென்று மூன்று பச்சைச் சொட்டுகள்.

நித்யஸ்ரீ விரலால் எண்ணினாள். "செங்கல்லேர்ந்து ஏழாவது வரிசை. இடது பக்கம் நாலாவது புள்ளி."

குப்புராஜ் டேப்பை எடுத்து அளந்தார். வண்டி ஆறியதும் தூக்கி நிறுத்தி, அதே இடத்தில் டார்ச் அடித்தார். தரைத் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே கூலன்ட் ஓடும் ஒரு ரப்பர் குழாய் போயிற்று. வண்டி நிரம்பினால் தகடு இறங்கிக் குழாயை அழுத்தும். அழுத்தினால் மட்டும் திறக்கும் அளவுக்கு, முடி மாதிரி ஒரு கீறல்.

"இங்க கீதுடா திருடன்" என்றார் குப்புராஜ் மெதுவாக. "இதுக்கு நேர் மேல யார் உக்காருவீங்க?"

எல்லோரும் கிரீஷைப் பார்த்தார்கள். கிரீஷ் தன் பையைப் பார்த்தான். டைம்டேபிள் பார்ப்பது பெரிய வேலை என்று ஒரு வாரத்துப் புத்தகத்தையும் தினமும் சுமக்கிறவன் அவன்.

"திங்கக்கிழமைலேர்ந்து பாத்து எடுத்துட்டு வரேன்" என்றான்.

குப்புராஜ் புதுக் குழாய் மாட்டி, தகட்டை நிமிர்த்தினார். அதற்குள் நித்யஸ்ரீ பச்சைச் சொட்டுகளின் மேல் மண் போட்டு, கூட்டி, ஒரு கவரில் கட்டினாள். "இது இனிக்குமாம். நாய் நக்கினா செத்துடும்" என்றாள்.

திங்கட்கிழமை சின்மயி வீட்டு வாசலில் வேன் நின்று கிளம்பியது. சாவித்ரி குனிந்து கோலத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். கோலம் வெள்ளையாகவே இருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வேன் நிற்கவேயில்லை; சிக்னலும் பச்சையாக இருந்தது.

"அந்த வெள்ளத்துல இன்னா ஆச்சு தெரியுமா..." என்று ஏசுபாதம் ஆரம்பித்தார். வேனே ஒருமுறை பெருமூச்சு விட்டது.

சாயங்காலம் தன் கடை முன்னால் வேனை மறித்து நிறுத்தி, குப்புராஜ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"நித்யா மேடம், நாளைக்கு ஒரு பஸ் வருது. எங்க ஒழுகுதுன்னே தெரில. மாவு எவ்ளோ வாங்கி வெக்கட்டும்?"

நித்யஸ்ரீ வேனுக்குள் இருந்த தலைகளை ஒரு தடவை எண்ணினாள்.

"எத்தனை சீட்டு அண்ணா?"