அரிசியளவு மிச்சம்

புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த வெண்மதி முந்தானையில் முகம் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் பார்த்தாள். இடது உள்ளங்கையில் சாவி இருந்தது.

வாசல் கதவைப் பார்த்தாள், உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. பின்கதவும் அப்படித்தான். புருஷன் மாதவராஜ் நல்லம்பள்ளிப் பக்கம் நூல்மில்லுக்குக் காலையிலேயே போய்விட்டான். வீட்டில் அவளையும் தூளியில் தூங்கும் பதினோரு மாதப் பெண் குழந்தை பாரதியையும் தவிர யாரும் இல்லை.

அது பழைய பூட்டு ஒன்றின் இரும்புச் சாவி. பூட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. சாவி மட்டும் சமையலறை நிலைக்கு மேல் ஆணியில் தொங்கும். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடு என்பது ஊர் வைத்தியம். இரும்புக்கும் வலிப்புக்கும் என்ன உறவென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது, கொடுக்காமல் விடவும் மாட்டார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து அவள் விழும்போதெல்லாம் யாராவது ஓடிவந்து அந்தச் சாவியைக் கையில் திணித்தார்கள். கல்யாணச் சீரோடு சீராக அதுவும் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

விழுவதற்கு முன்னால் அவளுக்கு மட்டும் ஒன்று தெரியும். முதலில் களி அடிப்பிடித்த நாற்றம் வரும். பிறகு இடப்பக்கம், தோளை ஒட்டி, யாரோ வந்து நிற்பார்கள். மூச்சு விடுவதுகூடத் தெரியும், திரும்பிப் பார்ப்பதற்குள் நினைவு போய்விடும். எந்த மாத்திரைக்கும் அந்த ஆள் அசைந்ததில்லை.

கடைசியில் பெங்களூரில் தலையைத் திறந்தார்கள். எல்லோருக்கும் ஓரமாக ஓடுகிற ரத்தக்குழாய் ஒன்று அவளுக்கு மட்டும் குறுக்கே, வலிப்பு கிளம்புவதால் வெட்டி எடுக்க வேண்டிய இடத்தின் மேலேயே ஓடுவதாக டாக்டர் படத்தில் காட்டினார். "அதுக்குப் பின்னாடி ஒரு அரிசியளவு விட்டுட்டேம்மா. அந்தக் குழாயத் தொட்டா இடது கை கால் விழுந்துடும்" என்றார். அது சும்மா கிடக்கும் என்று நம்பச் சொன்னார்.

இரண்டரை வருடம் சும்மாதான் கிடந்தது. முதல் சில மாதம் வலிப்பே வராத தைரியத்தில்தான் பிள்ளை பெற்றுக்கொண்டார்கள். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட மாமியார் தீர்த்தம்மாள் போன மாதம்தான் பென்னாகரத்துக்குத் திரும்பினாள். பஸ் ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். "ஒருக்கா வந்தாலும் மறைக்காதே கண்ணு, சொல்லிப்புடு. புள்ளய எங்க வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயி வளத்துக்கறேன். ஒன்ன யாரும் கொற சொல்ல மாட்டாங்க."

வெண்மதி நாக்கைத் தொட்டுப் பார்த்தாள், கடிபடவில்லை. உடம்பு வலிக்கவில்லை. கடிகாரத்திலும் நேரம் எதுவும் தொலைந்திருக்கவில்லை. அப்படியென்றால் வலிப்பு இல்லை. வலிப்பு இல்லையென்றால் சாவியைக் கொடுத்தது யார்?

சாயங்காலம் மாதவராஜ் வழக்கம்போல மாத்திரை போட்டாயா என்று கேட்டான். போட்டேன் என்றாள். ஆணியில் திரும்ப மாட்டிவைத்த சாவியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் தூளி காலியாகிவிடும் என்ற பயம் அவள் வாயைக் கட்டிவிட்டது.

மறுநாள் துணி துவைக்கும்போது சோப்பு நுரைக்குள் சாவி இருந்தது, அவள் விரல்களே அதை மூடியிருந்தன. மூன்றாம் நாள் பால் ஆற்றிக்கொண்டிருந்தபோது மறுபடியும். அப்படியே எழுந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கத்துக் கொல்லையில் தூர்ந்துகிடந்த கிணற்றுக்குப் போனாள். அடியில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. சாவியை வீசினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எங்கிட்டேருந்து போயிடு" என்றாள் கிணற்றைப் பார்த்து. "என்ன வுட்டுடு."

குழந்தை அவள் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானமே வானம் மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருட்டிவிட்டது, காற்றில்லாத புழுக்கத்தில் ஓட்டின் மேல் ஒரு பல்லி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது, வெண்மதி அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அப்போது நாற்றம் வந்தது. குனிந்து சட்டிக்குள் பார்த்தாள். களி அடிப்பிடிக்கவில்லை.

கேஸை அணைத்தாள். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி அடுப்பை விட்டு விலகித் தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். இனி மறைக்க முடியாது. மாமியாருக்குச் சொல்லிவிடலாம், பிள்ளை எங்கேயாவது நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அந்த ஆளுக்காகக் காத்திருந்தாள்.

நாற்றம் ஏறிக்கொண்டே போனது. இடப்பக்கம் யாரும் வரவில்லை.

இன்னும் காத்திருந்தாள். மூச்சுச் சத்தம் இல்லை. தோளருகே வெறும் காற்று. பதினைந்து வருடத்தில் முதல்முறையாக, நாற்றம் வந்தும் அந்த இடம் காலியாக இருந்தது.

பல்லி நின்றுவிட்டது. கூடத்தில் தண்ணீர் சொட்டியது.

மழை இன்னும் பெய்யத் தொடங்கவில்லை.

எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்கதவில் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. கதவடியிலிருந்து ஈரமாகக் கால் தடம். பாசி ஒட்டிய தடம். ஒன்று. இரண்டு. ஐந்து. தூளி வரைக்கும் போயிருந்தது.

திரும்பிய தடம் இல்லை.

தூளிக் கயிறு முனகியது. துணியை விலக்கினாள். பாரதி விழித்துக்கொண்டுதான் இருந்தாள், அழவில்லை. இடது கை இறுக மூடியிருந்தது. விரலிடுக்கில் பச்சைத் தண்ணீர் கசிந்தது. வெண்மதி அந்தச் சின்ன விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. உள்ளே இரும்பு தட்டுப்பட்டது.

"பாரதி" என்றாள். "அம்மாவப் பாரு."

குழந்தை பார்க்கவில்லை. கழுத்தை மெல்லத் தன் இடப்பக்கம் திருப்பியது. அங்கே இருந்த எதையோ அண்ணாந்து பார்த்தது. உதட்டோரம் ஒரு தடவை இழுத்தது. பிறகு இன்னொரு தடவை.