ஓகஸ்ட் கட்டும் பதினொரு கையெழுத்தும்

2003 செப்டெம்பர், புதன்கிழமை. காலை 8.10.

ஹட்டன் பஜாரின் மேல்மாடியில் 'குன்றொலி' வாரப் பத்திரிகையின் காரியாலயம். ஆசிரியர் தங்கவேலு அலுமாரியிலிருந்த ஓகஸ்ட் மாத இதழ்க் கட்டை அவிழ்த்து உதறினார். உள்ளே வைத்திருந்த கடிதம் இல்லை.

கதவருகில் நின்ற வேலாயியின் முகம் வெளுத்தது. கீழே உள்ள சுப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்குபவள் அவள். எட்டு மணி நேரம் உட்காரவே முடியாது, சங்கம் என்றால் வேலை போகும், பழைய திகதிச் சாமானை முன்னுக்கு நகர்த்த மறந்தால் அரைநாள் சம்பள வெட்டு. இதையெல்லாம் எழுதிப் பதினொரு பேர் கையெழுத்திட்ட கடிதம் அது. முதல் கையெழுத்து அவளுடையது.

"சார், பத்து மணிக்கு ஏரியா மெனேஜர் இங்கதான வர்றாரு? அவரு கையில போச்சுன்னா எங்க பதினொரு பேருக்கும் வேலை இல்லீங்க."

மெனேஜர் வருவது சுப்பர் மார்க்கெட்டின் விளம்பர ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க. அந்த ஒரு விளம்பரத்தில்தான் பத்திரிகை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அப்படியும் இரண்டு மாதமாக அச்சுப் பகுதிக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை.

பிழை திருத்தும் நிரூபா அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக் கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஜனவரி முன்னால், ஜூலை கடைசியில். விளிம்புகள் ஒரே கோட்டில் இருந்தன.

"ஓகஸ்ட் கட்டை எங்கயிருந்து எடுத்தீங்க சார்?"

"கடைசியில இருந்துச்சு. ஏன்?"

"நேத்து சாயங்காலம் கடிதத்த உள்ள வச்சப்ப?"

தங்கவேலு யோசித்தார். "முன்னாலதான். ஆளுங்க புதுசத்தான கேக்குறாங்க."

கடிதம் வந்தது எல்லோருக்கும் தெரியும். வைத்த இடம் ஆசிரியருக்கும் நிரூபாவுக்கும் மட்டும். எடுத்தவர் எல்லாக் கட்டுகளையும் இறக்கித் தேடி, வேறு வரிசையில் திருப்பி அடுக்கியிருக்க வேண்டும்.

8.40. நிரூபா முதலில் விசாரித்தது விளம்பரப் பிரிவு குகநேசனை, யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஏழு மணிக்கு நான்தான் கதவு திறந்தனான். ஏழரைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனன். சந்தேகமெண்டால் என்ர சேர்ட்டைக் கழட்டட்டோ பிள்ளை?"

"வேணாங்கய்யா, குளிருது."

அடுத்தவர் அச்சுப் பகுதியில் பக்கம் அமைக்கும் பழனியாண்டி.

"எத்தனை மணிக்கு வந்தீங்கண்ணே?"

"ஏழு இருவது."

"ஐயா தேத்தண்ணிக்குப் போனப்ப?"

"கம்பியூட்டர்ல இருந்தேன். அலுமாரிப் பக்கமே போகல."

இருவருக்கும் தனியாக நேரம் கிடைத்திருந்தது. ஒப்பந்தம் கைவிட்டுப் போகக் கூடாது என்ற அவசரம் குகநேசனுக்கு அதிகம். தங்கவேலுவின் பார்வை அவர்மேலேயே நின்றது.

9.15. நிரூபா கீழ்த்தட்டிலிருந்த போன வருடக் கட்டுகளை இறக்கினாள். "தூசு தட்டிட்டேன், அடுக்கித் தாங்க" என்று இருவரையும் ஒவ்வொருவராக அழைத்தாள். குகநேசன் டிசம்பரை முன்னால் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனார். பழனியாண்டி டிசம்பரை உள்ளே தள்ளினார். ஜனவரியை முன்னுக்கு இழுத்தார். உள்ளங்கையால் விளிம்புகளை ஒரு தடவு தடவிச் சமப்படுத்தினார்.

வேலாயி அந்தக் கையையே பார்த்தாள். "அண்ணே, நீங்க எந்தக் கிளையில?"

பழனியாண்டி கையைச் சட்டென்று எடுத்தார்.

"பத்திரிகைக்காரங்க புதுச முன்னால வைப்பாங்க" என்றாள் நிரூபா. "பழசு முன்னுக்கு, புதுசு பின்னுக்குன்னு அடுக்குறது சுப்பர் மார்க்கெட்டுதான். பதற்றத்துல கை பழகுனபடி அடுக்கிருச்சு. இங்க மூணு நாள் வேலை. மத்த நாலு நாள் எங்கண்ணே?"

"தலவாக்கலைக் கிளையில." அவர் குரல் அடங்கியிருந்தது. "மூணு நாள் வேலையில குடும்பம் ஓடுமா? கடிதத்தக் கொண்டுவந்தா நிரந்தரமாக்குறேன்னு அங்க மெனேஜர் சொன்னாரு."

வேலாயி சிரித்தாள். சிரிப்பில் சத்தமில்லை. "எங்களுக்கும் அதத்தாண்ணே சொன்னாங்க. மூணு வருசமாச்சு."

பழனியாண்டி சட்டைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பின் ஆசிரியரைப் பார்த்தார். "நான் கிளம்பட்டுங்களா சார்?"

"கிளம்பிட்டா இதப் பக்கத்துல யாரு போடுறது?" தங்கவேலு எரிந்து விழுந்தார். "முதல் பக்கம். கையெழுத்து ஒண்ணுகூட வெளிய தெரியக் கூடாது."

9.50. படியில் மெனேஜரின் சப்பாத்துச் சத்தம் ஏறி வந்தது. வேலாயி கடிதத்தின் கையெழுத்துள்ள கீழ்ப்பகுதியைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டு பின்படியால் இறங்கினாள். குகநேசன் ஒப்பந்தத் தாளுடன் எழுந்தார். உள் அறையில், பெயர்களற்ற மீதித் தாளைப் பார்த்துப் பழனியாண்டி கம்பியூட்டரில் தட்டத் தொடங்கியிருந்தார்.