கடைசி ஆள் நான்

நாங்கள் இறங்கியது ஒரு சாதாரண வேலைக்குத்தான். எவனோ ஒரு கம்பெனிக்காரன் எப்போதோ போட்டுவிட்டு ஓடிய முகாம் அது. நாலைந்து இரும்புக் கொட்டகைகள், துருவேறிய குழாய்கள், சாய்ந்துபோன ஒரு கம்பம். ஆள் விட்டுப்போன கிரகங்களில் இறங்கி, கிடக்கிற இரும்பை வெட்டி ஏற்றிக்கொண்டு வருவதுதான் எங்கள் தொழில். நட்சத்திரக் கப்பல் என்று பேர்தான் பெரிசு. பழைய இரும்புக் கடைக்கு இறக்கை முளைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் எங்கள் கப்பல்.

நல்ல இரும்பை எவனும் சும்மா விட்டுவிட்டுப் போகமாட்டான். எனக்கு இறங்கும்போதே அது உறுத்தியது.

"எதுக்கு விட்டுட்டுப் போனாங்களாம்?" என்று கேப்டனைக் கேட்டேன்.

"போனாங்க பெரியவரே. நமக்கு எதுக்கு அது?"

"எனக்குத் தெரியணும்ல. இறங்குறது என் காலு."

"உங்க காலு இறங்குறதுக்கு முன்னாடி வாய் இறங்கிடுமே" என்றான் நெட்டையன். சாமான் வண்டி ஓட்டுகிறவன். வாசலில் குனியாமல் நுழைய முடியாத உயரம், அதற்கேற்ற திமிர்.

கப்பலில் மொத்தம் ஐந்து பேர். கேப்டன், நெட்டையன், டாக்டரம்மா, நான், என் தங்கச்சி மகன். அவன் வெல்டர். முப்பது வயசு தாண்டியும் கல்யாணம் கூடாமல் இருந்து, இந்தப் பயணம் முடிந்ததும் செய்வதாகப் பேசி முடித்திருந்தோம். தங்கச்சிக்கு அவன் ஒருத்தன்தான். "கூட்டிட்டுப் போறேல்ல, கூட்டிட்டு வந்துடுண்ணே" என்று மட்டும்தான் அவள் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

என் வேலை கயிறு. அந்தக் கிரகத்தில் பகல் என்பதே விடியப்போகிற நேரத்து மங்கல்தான். அதிலும் காற்று எழும்பிவிட்டால் பழுப்புத் தூசி கண்ணை மறைக்கும், நீட்டிய கை தெரியாது. அதனால் வெளியே போகிறவர்கள் ஒரே கயிற்றில் வரிசையாக இடுப்பைக் கட்டிக்கொண்டு போவோம். வால் பக்கத்தில் நான். திரும்பி வரும்போது ஒவ்வொருத்தராகக் கப்பலின் வாசல் அறைக்குள் நுழைவார்கள். உள்ளேயிருந்து கதவுச் சக்கரம் சுற்றுகிறவருக்கு எதுவும் தெரியாது, கண்ணாடியைத் தூசி அரித்துப் பாலாக்கி வைத்திருந்தது. ஆகவே கடைசியாக நுழைகிற நான் ரேடியோவில் சொல்வேன்.

"கடைசி ஆள் நான். சாத்து."

அதைக் கேட்டால்தான் வெளிக்கதவு மூடும். யாரும் தலை எண்ணுவதில்லை. என் குரல் கேட்டால் போதும்.

மூன்றாம் நாள் காற்று இல்லை. கூப்பிடு தூரத்தில் இருந்த கடைசிக் கொட்டகைக்கு வெல்டர் தனியாகப் போனான், இடுப்பில் ஒற்றைக் கயிறு கட்டி. என்னை கேப்டன் சாமான் ஏற்றுகிற வேலையில் பிடித்து வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் ரேடியோவில் அவன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். கழுதைக்குச் சளி பிடித்தால் இன்னும் நன்றாகப் பாடும். "வாயை மூடுடா" என்றேன். "உங்களுக்குப் பொறாமை மாமா" என்றான்.

பிறகு, "சரி மாமா" என்றான்.

நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அதற்கப்புறம் அவன் ரேடியோ பேசவில்லை. கயிற்றை இழுத்தால் தொய்வாக வந்து எங்கோ மாட்டிக்கொண்டது.

முதல் சந்தேகம் எனக்கு நெட்டையன் மேல்தான். முந்தின நாள் படுக்கிற இடத்துக்காக இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள். இவன் வண்டியோடு அந்தப் பக்கம் போய்த் திரும்பியிருந்தான்.

"அவன் எங்கடா?"

"என்னைக் கேட்டா? நான் என்ன அவனை மடியில கட்டிக்கிட்டா திரியுறேன்?"

இரண்டாவது சந்தேகம் கேப்டன் மேல். வானம் கிழக்கே கறுத்து வருகிறது, புயலுக்கு முன்னால் கிளம்பியாக வேண்டும் என்று அவர் டாக்டரம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னதைக் கேட்டேன்.

"ஆளை விட்டுட்டா?" என்றேன்.

"தேடிட்டுத்தான். ஆனா புயல் வந்துட்டா அஞ்சு பேரும் இங்கதான், புரியுதா?"

டாக்டரம்மாவைக் கதவுக்கு வைத்துவிட்டு மூன்று பேர் கிளம்பினோம். முன்னால் நெட்டையன், நடுவில் கேப்டன், பின்னால் நான். நெட்டையன் முதுகை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

கொட்டகை வாசலில் வெல்டரின் கயிறு கிடந்தது. அறுபடவில்லை. அவிழ்த்து, வட்டமாகச் சுருட்டி, நுனியை மேலே செருகி வைத்திருந்தது. இடப்பக்கமாகச் சுருட்டியிருந்தது.

நெட்டையன் குனிந்து பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"பெருசு, இப்படிச் சுத்துறது நீங்க மட்டும்தானே? எனக்கெல்லாம் வலப்பக்கம்தான் வரும். அவனுக்கும் அப்படித்தான்."

"நான் கப்பலை விட்டு இறங்கவே இல்ல."

"அதை நீங்கதான் சொல்றீங்க."

கேப்டன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலிருந்து ஓரடி விலகி நின்றார்.

கதவு இழுத்தால் வரவில்லை. விளிம்பு நெடுகப் புது வெல்டிங். உள்பக்கமிருந்து வைத்தது, இடுக்கில் பிதுங்கித் தெரிந்தது. எங்கள் பையன் உள்ளே போய்த் தன்னைத்தானே அடைத்துக்கொண்டிருக்கிறான்.

கதவைத் தட்டினேன். ஹெல்மெட்டை இரும்போடு ஒட்டவைத்துக் கத்தினேன். அப்படி ஒட்டினால் ரேடியோ இல்லாமலே சத்தம் போகும்.

"டேய்! உள்ள இருக்கியா?"

மறுபக்கம் ஏதோ வந்து கதவில் ஒட்டியது. மூச்சு கேட்டது.

"போயிடு" என்றான் மெதுவாக. "நீ மாமா இல்ல."

"என்னடா உளர்ற?"

"மாமா குரல்லதான் அப்பவும் சொன்ன. நான் உள்ள வந்தேன். என் பின்னால, ஒட்டுன மாதிரி, 'கடைசி ஆள் நான், சாத்து'ன்ன. நானும் பழக்கத்துல சரி மாமான்னு திரும்புறேன்... யாரும் இல்ல. இடுப்பப் பாத்தா கயிறும் இல்ல."

எனக்குப் பயத்தோடு கோபமும் வந்தது. என் சொந்தத் தங்கச்சி மகன் என்னை நம்பமாட்டேன் என்கிறான்.

"ஏண்டா எருமை! உங்கம்மா அங்க சோறு தண்ணி இல்லாம வாசல பாத்துக்கிட்டு இருப்பா. நீ இங்க இரும்புப் பெட்டிக்குள்ள உக்காந்துகிட்டு யாருடா நீன்னு என்னைக் கேக்குறியா? உன்னைக் கட்டிக்கச் சம்மதிச்சாளே ஒரு புண்ணியவதி, அவளைச் சொல்லணும். வெளிய வாடா, செவுளு பேந்துடும்!"

உள்ளே ஒரு விசும்பல். பாதி சிரிப்பு.

"மாமாதான். இப்படித் திட்ட வேற யாருக்கும் வராது."

"கதவை வெட்டுடா. புயல் வருது."

"மாமா, கூட யாரு?"

"கேப்டன், நெட்டையன், நான்."

கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. அதன் பின்னால் அவன் முகம் வெளிறித் தெரிந்தது. எங்களைப் பார்த்தான். எனக்குப் பின்னாலும் பார்த்தான்.

முகம் நகர்ந்து மறுபடி கதவோடு ஒட்டியது.

"நாலு பேரு நிக்கிறீங்க மாமா."

திரும்பினேன்.

கேப்டன். நெட்டையன். அவர்களுக்கு அப்பால் தூசி.

ரேடியோவில் பேசினால் அதற்கும் கேட்கும். அவர்கள் இரண்டு பேரையும் இழுத்து, ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்டிச் சொன்னேன். நெட்டையன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான், அப்புறம் தோளுக்குப் பின்னால் பார்த்தான், அப்புறம் ஒட்டியே நின்றான். முடிவு இதுதான்: ரேடியோவில் யாரும் மூச்சு விடக்கூடாது. கப்பல் வாசலில் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. நான் நுழைந்து நாலு தலையையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்கதவை மூன்று முறை தட்டுவேன். டாக்டரம்மா கெட்டிக்காரி, புரிந்துகொள்வாள்.

வெல்டர் கதவை வெட்டி வெளியே வந்தான். கால் தள்ளாடியது. கயிற்றில் அவனை முன்னால் கட்டினேன். அடுத்து நெட்டையன், கேப்டன், வாலில் நான். மிச்சக் கயிறு என் இடுப்பில் சுருளாகத் தொங்கியது.

காற்று எழும்பிவிட்டது. தூசி ஹெல்மெட்டில் அரிசி கொட்டுகிற மாதிரி சலசலத்தது. எனக்கு முன்னால் போகிற கேப்டனே தெரியவில்லை. கயிறு மட்டும் தெரிந்தது.

பாதி வழியில் என் இடுப்பில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது.

சுருள்.

ஒவ்வொரு வளையமாக நழுவிப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவசரமில்லாமல். ஒரு ஆள் அளந்து பிடிக்கிற மாதிரி.

நான் திரும்பவில்லை.

கடைசி வளையமும் போனது. கயிறு என் முதுகுக்குப் பின்னால் இழுத்துக் கட்டினாற்போல் நின்றது. நான் நடந்தால் அதுவும் நடந்தது. நான் நின்றால் கொஞ்சம் தொய்ந்தது.

கப்பலின் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. வெல்டர் ஏறினான். நெட்டையன். கேப்டன். நான் வாசல் விளிம்பில் கால் வைத்து, கத்தியை எடுத்துப் பின்னால் போகிற கயிற்றை அறுத்தேன். அறுபட்ட நுனி துள்ளவில்லை. மெதுவாக, யாரோ கையில் வாங்கிக்கொண்ட மாதிரி, தூசிக்குள் போனது.

உள்ளே ஏறினேன். தலைகளைத் தொட்டு எண்ணக் கையை நீட்டினேன்.

காதுக்குள் என் குரல் கேட்டது.

"கடைசி ஆள் நான். சாத்து."

"சரிண்ணே" என்றாள் டாக்டரம்மா.

வெளிக்கதவு மூடிக்கொண்டது.

யாரும் அசையவில்லை. காற்று நிரம்பி விளக்கு பச்சையானதும் ஹெல்மெட்டைக் கழற்றினோம். எரிந்து அணைந்த தீக்குச்சி நாற்றம் அறை முழுக்க. அந்தத் தூசியின் நாற்றம் அதுதான், ஆனால் இவ்வளவு நெடி ஒருநாளும் இருந்ததில்லை.

"அப்ப அது உள்ளயா, வெளியயா?" என்றான் நெட்டையன்.

யாருக்குத் தெரியும்? மூலை முடுக்கெல்லாம் விளக்கடித்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதை நான் நம்பவில்லை, இருக்கிறது என்று காட்டவும் முடியவில்லை. புயல் கப்பலை ஆட்டத் தொடங்கியது. கேப்டன் கிளப்பிவிட்டார்.

திரும்புகிற வழியெல்லாம் ஒரே கூத்து. நடைபாதையில் யாரும் யாருக்கும் முன்னால் போகமாட்டார்கள்.

"நீங்க போங்க பெருசு."

"நீ போடா."

"வயசுக்கு மரியாதை, நீங்க முன்னால."

"எனக்கு ஒரு மரியாதையும் வேணாம், நீ நட."

கடைசியில் இரண்டு பேரும் சுவரோடு முதுகை உரசிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் போவோம். சாப்பிடும்போது எல்லோரும் சுவரை ஒட்டி வரிசையாக உட்கார்ந்தோம். ஒருத்தன் தூங்கினால் முதுகைச் சுவரில் ஒட்டித்தான் தூங்கினான். ஆனால் எதுவும் நடக்கவில்லை. ஊர் வந்து இறங்கினோம். கதவை வெளியிலிருந்து நெட்டையன் சாத்தினான், நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

தங்கச்சியிடம் மகனை ஒப்படைத்தேன். அவனைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, "மெலிஞ்சிட்டியேண்ணே" என்றாள். இப்போதும் அழவில்லை. அன்றிலிருந்து அவள் வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. நல்ல வெயில் நேரம். நானும் அவனும் துணி வாங்கிக்கொண்டு வந்தோம். மாடி வீடு. படியில் அவன் முன்னால், நான் பின்னால். பழக்கம் போகவில்லை. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். படி காலி. வெயில் மட்டும் படிமேல் மடிந்து மடிந்து கிடந்தது.

உள்ளே நுழைந்து கதவில் கை வைத்தேன்.

"கடைசி ஆள் நான். சாத்து."

என் குரல். நான் வாயைத் திறக்கவில்லை.

கையிலிருந்த பையை அவன் கீழே விட்டான். என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரிண்ணே, சாத்திட்டு வா. டீ போட்டாச்சு" என்று சமையலறையிலிருந்து தங்கச்சி சொன்னாள். தட்டோடு வந்தாள். தட்டில் மூன்று டம்ளர்.

"உனக்குமா எடுத்துட்டு வந்த?" என்றேன்.

"நான் அப்பவே குடிச்சிட்டேனே. உனக்கு, இவனுக்கு, அப்புறம் உன் பின்னாடி படியில ஏறி வந்தாரே, ஜன்னல்ல பாத்தேன், அவருக்கு." என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள். "எங்க அவரு? யாருண்ணே இங்க தீக்குச்சி கிழிச்சது?"

கதவை நான் சாத்தவில்லை. கல்யாணமும் திறந்த கதவோடுதான் நடந்தது. மருமகள் வந்தும் மாதங்கள் ஆகின்றன. திருடன் வரப்போகிறான் என்று அக்கம்பக்கம் சிரிக்கிறது. வரட்டும். சாத்தினால் நாங்கள் யாரோடு உள்ளே இருப்போம் என்று எனக்கும் அவனுக்கும்தான் தெரியும்.

நேற்று காலை எழுந்து பார்த்தால் திறந்த கதவின் பிடியில் ஒரு துண்டுக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நுனி கத்தியால் அறுத்தது.

இடப்பக்கமாகச் சுருட்டியிருந்தது.