நடுவில் விட்ட இடம்

மெத்தையில் ஒரு பள்ளம் இருந்தது.

இரட்டைப் பிள்ளைகளில் பெரியவளுக்கு வலப்பக்கம், ஒரு சாண் தள்ளி. தலைக்கு ஒரு குழி, முதுகுக்கு நீளமாக ஒரு குழி, குதிகாலுக்கு இரண்டு சின்னக் குழி. ஒரு பிள்ளையை வெகுநேரம் அங்கே கிடத்திவிட்டு இப்போதுதான் தூக்கிக்கொண்டு போன மாதிரி. ஆனால் பெரியவளை அந்த இடத்தில் யாரும் கிடத்தவில்லை. காலையில் வேலை முடிந்து வந்து, அக்காள் கையிலிருந்து வாங்கி, கம்பித் தொட்டிலின் நட்டநடுவில் மல்லாக்கப் போட்டது அவனேதான். பக்கத்துத் தொட்டிலில் சின்னவள். இரண்டு தொட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்து. வீட்டில் வேறு யாரும் கிடையாது.

உள்ளங்கையை வைத்து மெத்தையை அழுத்திப் பார்த்தான். பலகை மாதிரி இருந்தது. கெட்டியானதுதான் வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கி, முட்டியால் குத்திப் பார்த்து வாங்கியது. கையை எடுத்தால் தடம்கூட நிற்காது. பிறகு அந்தப் பள்ளத்துக்குள் கையை வைத்தான்.

சூடாக இருந்தது.

வேலை செய்யும் இடத்தில் அவனைப் பஞ்சு என்று கூப்பிடுவார்கள். கண்ணாடிச் சாமான்களைப் பெட்டியில் அடைப்பது அவன் தொழில். விளக்குக் கூடு, குடுவை, கிண்ணம் எல்லாவற்றையும் ஸ்பாஞ்சுத் தாளில் சுற்றி, இரண்டுக்கு நடுவே சுருளை வைத்து இறுக்கி, மூலையெல்லாம் காகிதத் துருவலைத் திணித்து மூட வேண்டும். மூடியதும் மேஸ்திரி வருவார். பெட்டியைக் காதோரம் தூக்கி ஒரு குலுக்கு. உள்ளே சின்னதாகக் 'கிளிங்' என்றாலும் தொலைந்தது. "உள்ள காத்து குடியிருக்குடா பஞ்சு, வாடகை வாங்குறியா?" என்று பெட்டியைக் காலால் தள்ளிவிடுவார். பன்னிரண்டு வருடமாக அவனுடைய பெட்டியை அவர் தள்ளியதில்லை. வேண்டியதற்கு மேலே ஒரு பிடி திணிப்பான். அதனால்தான் அந்தப் பெயர்.

அப்படிப்பட்டவனிடம்தான் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா விரலை நீட்டி நீட்டிச் சொன்னாள்.

"ரெண்டுக்கும் தனித்தனித் தொட்டில். மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும். தலையணை கூடாது, போர்வை கூடாது, பொம்மை கூடாது. பக்கத்துல துணியைச் சுருட்டி முட்டுக் குடுக்கிற வேலையே கூடாது."

"உருண்டுராதாம்மா?"

"பொறந்து ஒம்பது நாள். எங்க உருண்டு எந்த ஊருக்குப் போகப்போகுது?"

"இல்ல, வயித்துக்குள்ள ரெண்டும் நெருக்கியடிச்சு ஒண்ணாத்தானே கிடந்துச்சு. ஒரே தொட்டில்ல போட்டா..."

"வயித்துக்குள்ள மூக்கால மூச்சு விட்டுச்சாய்யா?" என்றாள் நர்ஸம்மா. "வெளிய வந்தா காத்து வேணும். சுத்தி இடம் காலியா இருக்கணும். காலியா. புரியுதா?"

தலையை ஆட்டினான். கட்டிலில் கிடந்த மனைவி அவன் கையைப் பிடித்தாள். அறுத்த இடத்தில் சீழ் பிடித்து அவளுக்குக் காய்ச்சல். அனல் அடித்தது அந்தக் கை. "நான் வர்றதுக்கு நாலு நாள் ஆகுமாம். ரெண்டையும் முழுசா என் கையில குடுத்துரு. வேற எதுவும் கேக்கல" என்றாள்.

அன்றிலிருந்து ராத்திரி அக்காள் பார்த்துக்கொள்வாள். அவன் வேலைக்குப் போவான். பகலில் அவன் பார்த்துக்கொள்வான். அக்காள் சலவைக் கடைக்குப் போவாள். முதல் பகல் எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டாம் பகலில்தான் பள்ளம்.

சாயங்காலம் அக்காள் வந்ததும் காட்டினான். அவள் குனிந்து பார்க்கும்போது மெத்தை வழவழவென்று சமமாகக் கிடந்தது.

"தூங்காம நின்னா மெத்தையில பள்ளம் மட்டுமாடா தெரியும்? இன்னும் ரெண்டு நாள் போனா மெத்தை எழுந்திருச்சு உன்னை மாமான்னு கூப்பிடும்."

"சூடா இருந்துச்சுக்கா."

"உன் மண்டையும்தான் சூடா இருக்கு. இதையெல்லாம் அவகிட்ட போன்ல உளறித் தொலைக்காதே. காய்ச்சல் ஏறிச்சுன்னா வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. புள்ள பெத்தவளுக்கு இல்லாத நடுக்கம் உனக்கு என்னடா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

மூன்றாம் பகல் மெத்தையைத் திருப்பிப் போட்டான். ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, நாற்காலியைச் சந்தில் போட்டு உட்கார்ந்தான். வெளியே தெருவில் யாரோ இரும்புக் கதவை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றபோது அறைக்குள் இருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின: குழாயில் நீர் சொட்டுவது, திரைச்சீலையின் வளையம் கம்பியில் உரசுவது, சமையலறையில் பால் காய்ச்சிய பாத்திரம் ஆறி லேசாக நெளிவது, அப்புறம் இடப்பக்கமிருந்து பெரியவளின் மூச்சு, ஊதுகுழலில் ஈரம் பட்டது போலக் கொஞ்சம் கரகரத்து, வலப்பக்கமிருந்து சின்னவளின் மூச்சு, அதைவிட மெல்லியதாய், இடையிடையே ஒரு விக்கலோடு. மூடிய பெட்டிக்குள் என்ன ஆடுகிறது என்று பன்னிரண்டு வருடம் கேட்டுக் கேட்டுக் கூராகிப்போன காது அவனுக்கு. எது எத்தனை என்று எண்ணிவிடும்.

எண்ணியது. மூன்று.

மூன்றாவது மூச்சுக்கு அவசரமே இல்லை. மற்ற இரண்டும் இழுத்து விடுவதற்குள் அது ஒரே ஒரு தடவை இழுத்தது. நீளமாக. குடிப்பது போல.

எழுந்து சின்னவளைப் பார்த்தான். மல்லாக்கத்தான் கிடந்தாள். ஆனால் முகம் முழுக்க ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அந்தப் பக்கத்தில் பள்ளம். புதிதாகக் கறந்த பாலும் ஈரத் துணியும் கலந்த மாதிரி ஒரு வாடை அதிலிருந்து வந்தது. சின்னவளின் உதடு பால் குடிப்பது போல அசைந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கவனித்துப் பார்த்தான். அவள் குடிக்கவில்லை. அவள் வாயிலிருந்துதான் ஏதோ போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் கன்னம் உள்ளே ஒட்டியது.

வாரி எடுத்தான். வீலென்று கத்தினாள். அந்தக் கத்தல் அவன் காதுக்குத் தேனாக இருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான்.

"மூச்சு சீரா இருக்கா? கலர் நல்லா இருக்கா? பால் குடிக்குதா?" நர்ஸம்மா அடுக்கினாள். எல்லாம் இருந்தது. "அப்புறம் என்ன? நீங்க கொஞ்சம் தூங்குங்க. தொட்டில்ல மட்டும் எதையும் வச்சுராதீங்க. உங்களைப் பார்த்தாலே வைக்கிற ஆள் மாதிரி தெரியுது."

நான்காம் பகல். மத்தியானம், கடைக்கு லீவு போட்டிருந்த அக்காள் புடவையை உதறிக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். "சாயங்காலம் கூட்டிட்டு வந்துர்றேன். பேயறைஞ்ச மூஞ்சியோட நிக்காதே. அவளே பயந்து திரும்பிப் போயிருவா."

கதவு சாத்திய சத்தம் அடங்குவதற்குள் பெரியவள் அழுகை பாதியில் நின்றது.

ஓடிப் பார்த்தான். பள்ளம் அவளை ஒட்டியே இருந்தது. உதடு நீலம். தூக்கிக் குலுக்கினான், இழுத்து மூச்சு விட்டாள். முதுகுக்குப் பின்னால் சின்னவளின் விக்கல் நின்றது. பெரியவளைக் கிடத்திவிட்டு அவளைத் தூக்கினான். அவள் மூச்சு விட்டாள். பின்னால் மறுபடி நிசப்தம். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். ஒரு மனிதன், இரண்டு தொட்டில். அவன் எந்தத் தொட்டிலுக்கு முதுகைக் காட்டினானோ அதில் அது இறங்கியது.

இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அதுதான் சரி என்று பட்டது. மனைவி வருகிறவரை இப்படியே இருந்துவிடலாம். முக்கால் மணி நேரம் இருந்தான். மூன்று நாளாகச் சேர்ந்து கிடந்த தூக்கம் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினது போல இமைமேல் இறங்கியது. திடுக்கிட்டு விழித்தபோது சின்னவள் அவன் தொடையிலிருந்து தலைகீழாகச் சரிந்து, தரைக்கு ஒரு முழம் மேலே, அவன் விரலிடுக்கில் ஒரு காலில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

கையிலும் முடியாது. கீழேயும் முடியாது.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டான். அதற்குப் படுக்க இடம் வேண்டும். இடம் கொடுத்தது யார்? சுற்றிலும் காலியாக விடு என்று நர்ஸம்மா சொன்னாள், இவனும் தலையாட்டிக் காலியாக விட்டான். காலியாக விட்டால் குடிவராமல் என்ன செய்யும்? அவளுக்கு ஊசி போடத் தெரியும். பெட்டி அடைக்கத் தெரியுமா?

இரண்டையும் பெரியவளின் தொட்டிலிலேயே போட்டான். ஒன்று இந்த ஓரம், ஒன்று அந்த ஓரம். நடுவில் விட்ட இடத்தில், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விரிப்பு மெல்ல உள்வாங்கியது. முதலில் தலை. பிறகு முதுகு. பிள்ளைகள் இரண்டும் மெத்தையோடு சேர்ந்து அந்தப் பள்ளத்தை நோக்கிச் சரியத் தொடங்கின.

அலமாரிக்கு மேலே வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த ஸ்பாஞ்சுத் தாள் கட்டாக இருந்தது. இழுத்துப் போட்டான். கை தானாக வேலை செய்தது. தாளை இறுக்கிச் சுருட்டி, மனைவியின் பழைய பருத்திப் போர்வையைக் கிழித்து மேலே சுற்றி, இரண்டு முனையையும் முடிந்து, அந்தப் பள்ளத்துக்குள் வைத்து அழுத்தினான். கீழேயிருந்து எதுவோ ஒரு கணம் எதிர்த்துத் தள்ளியது. முழங்கையை ஊன்றி அழுத்தினான். அடங்கியது. பிறகு பெரியவளுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சுருள். சின்னவளுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சுருள். கால்மாட்டில் ஒன்று. தோளுக்கு மேலே, கழுத்து மடிப்பில், கன்னத்தோரம், விரல் நுழைகிற சந்தில் எல்லாம் கிழிந்த துணி. வேண்டியதற்கு மேலே ஒரு பிடி.

தொட்டிலின் விளிம்பைப் பிடித்து, காதை வைத்து, ஒரு குலுக்கு குலுக்கினான்.

ஒன்றும் ஆடவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

மேஸ்திரி பார்த்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார். தரையில் உட்கார்ந்து தொட்டில் காலில் தலையைச் சாய்த்தான். நான்கு நாளில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது. காதைக் கொடுத்து எண்ணினான். ஒன்று. இரண்டு. இரண்டேதான். மூன்றாவது இல்லை. சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தூங்கிப்போனான்.

விழித்தபோது திரையோரம் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. பால் வாடை அறை முழுக்க அடைத்திருந்தது. எழுவதற்கு முன் பழக்கத்தில் காது எண்ணியது.

ஒன்று.

மறுபடி எண்ணியது.

ஒன்று.

நீளமாக. அவசரமில்லாமல். வயிறு நிறைந்த மூச்சு.

கம்பியைப் பிடித்து எழுந்தான். குனிந்தான்.

பெரியவள் அவன் வைத்த இடத்திலேயே இருந்தாள். ஒரு இழைகூட நகரவில்லை. சின்னவளும் வைத்த இடத்திலேயே. சுற்றிலும் துணி, இறுக்கமாக, நேர்த்தியாக. இரண்டு முகமும் மெழுகு நிறத்தில். கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டி. தொட்டான். குடுவை மாதிரி சில்லென்று இருந்தது. அடுத்ததையும் தொட்டான்.

கை நடுவில் இருந்த சுருள் மேல் பட்டது.

சூடு.

போர்வைத் துணி மெல்ல மேலே எழுந்தது. கீழே இறங்கியது. மேல் முனையில் அவன் போட்ட முடிச்சுக்குக் கீழே துணி நனைந்திருந்தது. நனைந்த இடம் உள்ளே குழிந்து, வெளியே உப்பி, மறுபடி உள்ளே குழிந்தது.

வாசலில் ஆட்டோ நின்றது. அக்காளின் குரல், பிறகு தாழ்ப்பாள், பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து வரும் காலடி.

"சத்தமே காணோமே," என்றாள் மனைவி அறை வாசலில் நின்று. காய்ச்சல் விட்ட முகம் கழுவி விட்டது போல இருந்தது. "ரெண்டும் தூங்குதா? முழுசா இருக்கா என் தங்கங்க?"

அவன் தொட்டிலை உடம்பால் மறைத்து நின்றான். அவள் செல்லமாக அவன் தோளைத் தள்ளினாள்.

"நகருய்யா. நான் பெத்ததை நான் பாக்கக் கூடாதா?"

பின்னால் அழுகை கேட்டது. பசித்த பிள்ளையின் அழுகை. ஒன்றே ஒன்று.

"அம்மா வந்துட்டேன்டா," என்று அவள் ரவிக்கைக் கொக்கியைக் கழற்றிக்கொண்டே குனிந்தாள்.

அசையாத இரண்டுக்கு நடுவே, அவள் குரல் வந்த பக்கம், முடிச்சுப் போட்ட அந்தத் துணித் தலை மெதுவாகத் திரும்பியது.