கதவை மூடிய சுவர்

மூன்று நாள் மழை விட்ட காலையில், நாகப்பட்டினம் கடற்கரைக் குடியிருப்பின் ஒன்பதாம் தளத்தில் ஒரு வீட்டின் கதவைக் காணவில்லை. கதவு இருந்த இடத்தில் ஈரம் காயாத சாம்பல் நிறச் சுவர் நின்றது. உள்ளே சுலைகா இருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. கணவன் யாசின் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன். அப்போது நடுக்கடலில் இருந்தான். ஜன்னல்களும் மூடிக்கொண்டுவிட்டன என்று அவள் தொலைபேசியில் சொன்னாள்.

சுவர் ரம்பத்தை மூன்று பாகமாகப் பிரித்து லிஃப்டில் ஏற்றிக்கொண்டு ஜெசிந்தா வந்து சேர்ந்தபோது மணி எட்டு. நாற்பது வயது தாண்டியவள். பதினோரு வருடமாகச் சுவர் வெட்டுவதுதான் தொழில். குடியிருப்புச் சங்கச் செயலாளர் வடுகநாதன் லிஃப்ட் வாசலிலேயே காத்திருந்தார்.

"வெட்டிரலாம்ல ஜெசிந்தாம்மா?"

"பாப்போம் சார். மொதல்ல அவளுக்கு மூச்சு விடக் காத்து வேணும்."

பெரும் புயல்களுக்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் உயிர்க்காரையால்தான் கட்டப்பட்டது. சிமென்ட்டோடு கலந்த நுண்ணுயிர்கள் அதற்குள் தூங்கிக்கொண்டிருக்கும். விரிசல் விழுந்து தண்ணீர் இறங்கினால் விழித்துக்கொள்ளும். சுண்ணாம்பைச் சுரந்து விரிசலை அடைத்துவிட்டு மறுபடி தூங்கிப்போகும். அதனால் ஒழுகல் இல்லை, பூச்சு உதிர்வதில்லை. ஆணி அடித்தால் மட்டும் பத்து நாளில் சுவர் அதைத் துப்பிவிடும். காலண்டரைப் பசை போட்டு ஒட்டிக்கொள்வார்கள். ஒரே ஒரு சிக்கல், அதற்கு விரிசலுக்கும் வாசலுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டுமே காயம்தான். எனவே கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் செம்புச் சட்டம் வைத்தார்கள். செம்பு பட்ட இடத்தில் அந்த நுண்ணுயிர் பிழைக்காது.

யாசின் ஊருக்கு வந்திருந்தபோது செம்புச் சட்டங்களுக்கெல்லாம் அழகாக நீலப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தான். பெயின்ட்டின் மேல் சுவர் மெல்லப் படர்ந்தது. மூன்று நாள் சாரலில் வேகம் கூடி, கடைசி இரவில் அவள் தூங்கும்போதே வாசல் மூடிவிட்டது.

ஜெசிந்தா மார்பு உயரத்தில் ஒரு துளை போட்டு, அது மூடிக்கொள்வதற்குள் செம்புக் குழாயைச் செருகினாள். உள்ளிருந்து புழுக்கமான காற்று வெளியே வந்தது. பின்னாலேயே குரலும் வந்தது.

"அக்கா, கேக்குதா?"

"நல்லாக் கேக்குதும்மா. மூச்சு எப்படி இருக்கு?"

"கனமா இருந்துச்சு. இப்பப் பரவால்ல. ஆனா இடுப்புல ஒரு வலி விட்டு விட்டு வருதுக்கா."

"எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா?"

"அரை மணிக்கு ஒருக்கா இருக்கும்."

ஜெசிந்தா வடுகநாதனைப் பார்த்தாள். அவர் கைபேசியை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

ஓர் ஆள் குனிந்து வெளியே வரும் அளவுக்குச் சதுரம் வரைந்தாள். நான்கு கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் ரம்பம் ஓடும் தண்டவாளத்தைக் கழற்றி மாட்ட வேண்டும். முதல் கோட்டுக்கு இணையாகத் துளையிட்டு, போல்ட் இறக்கி, தண்டவாளத்தை முடுக்கினாள். மட்டம் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். நூல் அளவு பிசகினாலும் பிளேடு சுவருக்குள் கவ்விக்கொள்ளும். பிறகு ரம்பத் தலையை ஏற்றி, ஒருவர் கை விரித்த நீளத்தில் பாதி அகலமுள்ள வைர பிளேடை மாட்டி, காப்பு மூடியைப் பூட்டி, தண்ணீர்க் குழாயை இணைத்தாள். நான்கடி தள்ளி நின்று இயக்குபெட்டியின் விசையைத் தள்ளினாள்.

முதலில் ஆழமில்லாமல் ஒரு கீறல். அதே தடத்தில் அடுத்த தடவை இன்னும் ஆழமாக. சாம்பல் குழம்பு தரையில் ஓடியது. கோடு முடிந்ததும் இடைவெளியில் செம்புத் தகட்டைச் செருகினாள், இல்லாவிட்டால் அடுத்த கோட்டை வெட்டி முடிப்பதற்குள் இது ஒட்டிக்கொள்ளும். இரண்டு கோடு சிக்கலில்லாமல் முடிந்தது.

மூன்றாவது கோட்டின் நடுவில் சத்தம் மாறியது. அறுக்கிற கரகரப்பு போய், வழுக்குகிற கீச்சொலி. ஜெசிந்தா உடனே நிறுத்தினாள். பிளேடின் பற்கள் கண்ணாடி போல மின்னின. தொட்டுப் பார்க்க முடியாத சூடு.

"என்னாச்சு?" என்றார் வடுகநாதன்.

"தண்ணி வரல சார். சூட்டுல பல்லு மழுங்கிருச்சு. வைரத்து மேல சுண்ணாம்பு மெழுகினாப்புல படிஞ்சிருக்கு."

தண்ணீர் பீய்ச்சும் மூக்கைக் கழற்றினாள். ஊசி நுழையவில்லை. வெட்டிய குழம்பிலிருந்த நுண்ணுயிர் அதற்குள்ளும் புகுந்து, அதையும் ஒரு விரிசல் என்று எண்ணி அடைத்துவிட்டிருந்தது. மாற்று மூக்கு காரைக்கால் கடையில்தான் இருக்கிறது. அந்தச் சாலையில் வெள்ளம்.

குழாய் வழியாகச் சுலைகா கேட்டாள். "அக்கா, ஏன் நிறுத்திட்டீங்க?"

பொய் சொல்ல ஜெசிந்தாவுக்கு மனம் வரவில்லை. "மிஷின்ல தண்ணி போற ஓட்டை சுண்ணாம்பால அடைச்சிருச்சுடா. சுரண்டினா ஓட்டை பெருசாயிரும்."

சிறிது நேரம் மூச்சு வாங்கும் ஒலி மட்டும் வந்தது. வலி போன பிறகு அவள் பேசினாள். "கெட்டில்ல உப்புத்தண்ணி சுண்ணாம்பு படிஞ்சா நாங்க புளி போட்டுக் கொதிக்க வைப்போம்க்கா. அப்படியே கழண்டு வந்துரும். செஞ்சு பாருங்களேன்."

எதிர்வீட்டு அடுப்பில் புளித்தண்ணீர் கொதித்தது. கால் மணி நேரத்தில் மூக்கின் துளை திறந்துகொண்டது. ஆனால் மழுங்கிய பிளேடு மிச்சமிருந்தது. சொரசொரப்பான எதையாவது அறுக்கவிட்டால்தான் மேல்படலம் தேய்ந்து புது வைரம் தலை நீட்டும்.

"ஒரு செங்கல் வேணும் சார்."

பதினான்கு தளம், நூற்றுப் பன்னிரண்டு வீடு. ஒரு செங்கல் இல்லை. செங்கல்லுக்கு இங்கே யாருக்கும் தேவை இருந்ததில்லை. வடுகநாதன் படியில் ஓடி இறங்கி, வாசலில் இஸ்திரி வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த இரண்டு செங்கற்களைப் பெயர்த்துக்கொண்டு, மேல்மூச்சு வாங்க வந்து நின்றார். வாழ்நாளில் அவர் தூக்கிய முதல் செங்கற்கள் அவை.

ஜெசிந்தா அவற்றைச் சட்டத்தில் இறுக்கி, பிளேடை மெதுவாக ஓட்டினாள். செம்மண் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. மூன்றாவது ஓட்டத்தில் பழைய கரகரப்பு திரும்பியது.

"சத்தம் சரியாயிருச்சுல்ல?" என்றாள் உள்ளே இருந்தவள்.

"உனக்கே தெரியுது பாரு. பின்னால தள்ளிப் போய் நில்லு."

பகல் ஒன்றரை மணிக்கு, சங்கிலிக் கப்பியில் கட்டி இழுத்த காரைப்பாளம் கீழே பரப்பிய பழைய டயர்களின் மேல் வந்து விழுந்தது. சுலைகா குனிந்து வெளியே வந்து ஜெசிந்தாவின் ஈரத் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிச் சென்றது. இரண்டு நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, மற்றபடி நலம்.

ஆனால் குடியிருப்பில் யாருக்கும் தூக்கம் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் வடுகநாதன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வீட்டுக்கு ஒரு சிறிய சுவர் ரம்பம், உள்பக்கமாக. கை தூக்கியவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஜெசிந்தாவின் வாழ்க்கை மாறிப்போனது. வங்கி அதிகாரிகளுக்கும் மருத்துவர்களுக்கும் போல்ட் முடுக்கக் கற்றுக்கொடுத்தாள். எந்தப் பேரிங்குக்கு எவ்வளவு கிரீஸ், ஹோஸில் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது, பிளேடின் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே சமையல் குறிப்பு போலப் பேசப்பட்டது. போல்ட்டைச் சுவர் துப்பிவிடும் என்பதால் பத்து நாளுக்கொரு முறை தண்டவாளத்தை இடம் மாற்றினார்கள். மாதம் முதல் ஞாயிறு, ரம்பம் ஓடுகிறதா என்று எல்லோரும் கதவோரச் சுவரில் ஒரு கோடு வெட்டிப் பார்த்தார்கள். மாலைக்குள் கோடு ஆறிவிடும்.

இருபத்திரண்டு மாதம் கழிந்து, ஒரு முதல் ஞாயிறன்று வடுகநாதன் அவளை வீட்டுக்கு அழைத்தார்.

"பிளேடு மறுபக்கம் வரமாட்டேங்குது. தேஞ்சுபோச்சா பாருங்க."

ஜெசிந்தா பிளேடை அளந்தாள். தேயவில்லை. பிறகு கதவோரத்தில் சுவரை அளந்தாள். கட்டும்போது இருபத்திரண்டு சென்டிமீட்டர். இப்போது முப்பத்துமூன்று. மாடி இறங்கிச் சுலைகா வீட்டிலும் அளந்தாள். குழந்தை அளவுநாடாவின் முனையைப் பிடித்து இழுத்து விளையாடியது. அங்கேயும் முப்பத்துமூன்று.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "சார், ரம்பத்துல கோளாறு இல்ல. நாமதான் மாசாமாசம் காயம் பண்ணி, கூடவே தண்ணியும் ஊத்துறோம். ஆறும்போது ஒவ்வொரு தடவையும் அரை சென்டிமீட்டர் கூடுதலா வளருது. வெட்டுறத நிறுத்துங்க. செம்பத் தொடச்சு வச்சாலே போதும், கதவு மூடாது."

வடுகநாதன் எழுந்து சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா ரம்பம் ஓடுதான்னு தெரியாம உள்ள எப்படிப் படுக்கிறது?"

"செம்பத் தொட்டுப் பாத்துட்டுப் படுங்க சார்."

"இதவிடப் பெரிய பிளேடு இருக்குல்ல?"

"இருக்கு. நாப்பது சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் போகும். தண்ணி ரெண்டு மடங்கு குடிக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "எத்தனை நாள்ல வரும்?"

ஜெசிந்தா பதில் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் பன்னிரண்டாம் தளத்தில் யாரோ ரம்பத்தை ஓடவிட்டார்கள். அதன் கீழே இன்னொன்று, பக்கத்தில் இன்னொன்று. கட்டடம் முழுவதும் மெல்ல அதிரத் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஹோஸ்களிலிருந்து தண்ணீர் சுவர்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.