இருபத்தெட்டுக் கைகள்

மராயா வரைந்த மனிதர்களுக்குக் கைகள் கிடையாது.

ஐயோ பாவம் என்று யாரும் பதற வேண்டாம். கைகள் இருந்தன, கண்ணில் படாது, அவ்வளவுதான். ஒருவர் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டிருப்பார். இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பார். ஒரு பெண் புதருக்குப் பின்னால் நிற்பாள். ரக்பி ஆடுகிற ஒருவனின் கைகளைக்கூட அவள் மறைத்திருந்தாள், குறுக்கே ஒரு நாயை ஓடவிட்டு.

காரணம் எளிது. அவளுக்கு முகம் வரும். முடி பிரமாதமாக வரும். புல் கொஞ்சம் உயரமாக இருந்தால் பாதங்கள்கூட வந்துவிடும். கை மட்டும் வராது.

பதினொரு வயது மராயாவிடம் மூலையில் விரிசல் விட்ட டேப்லெட் ஒன்று இருந்தது. அக்கா புதிது வாங்கியதும் இவளிடம் வந்து சேர்ந்த பழசு. அதில் இதுவரை நூற்று நாற்பத்து மூன்று படங்கள் வரைந்திருக்கிறாள். முழுசாகத் தெரிகிற கை ஒன்றுகூட இல்லை. அதை யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை வரைக்கும்.

வைரோவா ஊரைத் தாண்டி, ஆற்றோரத்தில் இருந்தது அவர்கள் பள்ளிக்கூடம். பாடிக்கொண்டே ஆடும் ஹாக்கா நடனத்துக்கு அங்கே ஒரு குழு உண்டு, மொத்தமே பதினாலு பேர். சனிக்கிழமை கிஸ்போர்ன் நகரத்தில் ஹாக்கா விழா. ஐம்பது பேர், அறுபது பேர் கொண்ட குழுக்கள் பெரிய பெரிய பதாகைகளோடு வந்து இறங்கும்.

"நமக்கும் ஒரு பதாகை வேணும். அதுல நம்ம புள்ளைங்க பதினாலு பேரும் இருக்கணும். வரையறது மராயா" என்று கோக்கா கெரியானா சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தில் டீச்சர், அத்தை, பெரியம்மா எல்லாரையும் கோக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் ஒருவரே இந்த மூன்றுமாக இருப்பார். மராயாவுக்கு இவர் டீச்சர், பெரியம்மா, இரண்டும்.

மராயா சரி என்றதற்கு ஒரு காரணம் உண்டு. அவள் தம்பி டிப்பேனே, வயது ஏழு, குழுவிலேயே பொடியன். பின்வரிசையில் கடைசி ஆள். போன வருஷம் எடுத்த புகைப்படத்தில் அவனுக்குப் பதிலாக ஒரு பெரிய பையனின் முழங்கைதான் தெரிந்தது.

"இந்தத் தடவை உன்ன முழுசா வரையறேன்டா" என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

திங்கட்கிழமை வகுப்பறைத் திரையில் படம் ஏறியது. பதினாலு பேர், மூன்று வரிசை, பளபளக்கும் முகங்கள்.  கோக்கா தலையைச் சாய்த்து இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார்.

"முகமெல்லாம் அச்சு அசலா இருக்கு மராயா. ஆனா ஒண்ணு கேக்கறேன். இவங்க எல்லாரையும் எதுக்குடி போலீஸ் பிடிச்சிட்டுப் போகுது?"

வகுப்பு அதிர்ந்து சிரித்தது. பதினாலு பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள்.

மராயாவுக்குக் காது சூடாகியது. ஹாக்காவில் கைதானே எல்லாம்! வாய் பாடும்போது கை பேச வேண்டும். விரல் நுனி வரைக்கும் படபடவென்று நடுங்க வேண்டும். அந்த நடுக்கத்துக்கு ‘வீரி’ என்று பெயர். யாராவது கையைச் சும்மா தொங்கவிட்டால், "கை செத்துப் போச்சா?" என்று கோக்கா பாட்டை நிறுத்திவிடுவார். தினமும் அந்தப் பாட்டுகளைப் பாடுகிற மராயாவே இப்படி வரைந்தால்?

பின்பெஞ்சில் இருந்து ஒரு கனைப்பு கேட்டது. பரத்தேனே மாமா எழுந்தார்.

பரத்தேனே மாமா பள்ளி நிர்வாகத் தலைவர். பதாகைக் குழுவுக்கும் தலைவர். அந்தக் குழுவில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லாததால் எல்லா முடிவும் ஒருமனதாக எடுக்கப்படும். ஊரில் பெரிய அச்சு இயந்திரம் வைத்திருப்பவரும் அவரே. அதோடு, கணினி ஓவியம் முறையாகப் படித்தவர். இணையத்தில், ஒரு மதியம் முழுக்க. அந்தச் சான்றிதழ் கடை வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அவர் கணினியில் இரண்டாயிரத்து நானூறு தூரிகைகள் இருக்கின்றன. படங்கள் எத்தனை இருக்கின்றன என்று யாரும் கேட்டதில்லை. மரியாதைதான்.

"கைய விடுங்க. அடிப்படையே தப்பு" என்றார். "மனுஷ உடம்புன்னா எட்டுத் தலை உயரம் இருக்கணும். தலைய வச்சு அளந்தா, மொத்த ஆளும் எட்டுத் தலை. அதான் சாஸ்திரம். இதுல ஒருத்தராவது எட்டு இருக்காங்களா? வெள்ளிக்கிழமை மதியம் மெஷின்ல ஏத்தணும். அதுக்குள்ள சரியா வரலேன்னா கவலை வேணாம், எங்கிட்ட ஒண்ணு தயாரா இருக்கு."

போனை எல்லாருக்கும் காட்டினார். எங்கேயோ காசு கொடுத்து வாங்கிய ரெடிமேட் படம். குளிர்பதனப் பெட்டி மாதிரி மார்போடு ஓர் ஆள். அவன் காலடியில், அவனைவிட உயரமான எழுத்துகளில், மாமாவின் கடைப்பெயர், தொலைபேசி எண்.

"இவரு யாரு மாமா?" என்றான் டிப்பேனே.

"யாரா இருந்தா என்னடா? எட்டுத் தலை இருக்கான் பாரு."

டிப்பேனே அக்காவைப் பார்த்தான். அவள் கொடுத்த வாக்கு அந்தப் பார்வையில் இருந்தது. 

செவ்வாய்க்கிழமை மராயா கை வரைய உட்கார்ந்தாள்.

முதலில் திரையைப் பெரிதாக்கினாள். ஒரே ஒரு கை முழுத் திரைக்கும் வந்தது. நகம், நகத்தின் ஓரம், மூட்டுச் சுருக்கம் என்று ஒரு மணி நேரம் வரைந்தாள். அற்புதமாக இருந்தது. திரையைச் சின்னதாக்கிப் பார்த்தாள். அழகான நகங்களோடு ஒரு மண்வெட்டி, பாவம் டிப்பேனேயின் தோளில் இருந்து தொங்கியது.

‘அன்டூ’ பொத்தானைத் தட்டினாள். போட்ட கோடு மறைந்தது. மறுபடி போட்டாள். மறுபடி தட்டினாள். ஒரு கோடு, ஒரு தட்டு. ஒரு கோடு, ஒரு தட்டு. மழையில் காரின் கண்ணாடியைத் துடைக்கும் கம்பி மாதிரி கை போய்ப் போய் வந்தது. படத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை.

டிப்பேனே தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இது என்ன, மாட்டு மடியா?"

"உன் கைடா!"

அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "காம்பு ஒண்ணு கூடுதலா இருக்கு" என்றான்.

மராயா பேனாவை வீசப் போனாள். அந்த நேரம் சமையலறையில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "ரெண்டு பேருக்கும் எத்தன தடவ கூப்பிடறது? ரொட்டி ஆறிப்போகுது!"

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள், இரண்டு கைகளிலும் தடித்த அடுப்புக் கையுறைகளோடு. ஒரு கை இடுப்பில் இருந்தது. இன்னொன்று மேஜையைக் காட்டியது. பிறகு கூரையைக் காட்டி, ‘கடவுளே, இதுங்கள என்ன செய்வேன்’ என்றது.

மராயா அப்படியே நின்றாள்.

அந்தக் கையுறையில் விரல்களே இல்லை. ஒரு பெரிய திண்டு, பக்கத்தில் கட்டைவிரலுக்கு ஒரு சின்னத் திண்டு. நகம் இல்லை, மூட்டு இல்லை. ஆனாலும் அம்மா திட்டுகிறாள் என்பது அடுத்த தெருவுக்கே தெரிந்திருக்கும்.

"அம்மா, இன்னொரு தடவ திட்டேன்!"

"என்னது?"

"கைய அப்படியே வச்சுக்கம்மா, ப்ளீஸ். நல்லா கோவமா!"

அந்த வீட்டில் இதுவரை யாரும் திட்டச் சொல்லிக் கேட்டதில்லை. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போனதும் கையுறை தொங்கியது. மராயா அதையும் வரைந்துகொண்டாள். நாலே கோடு.

புதன்கிழமை ஒத்திகையில் அவள் பாடவில்லை. "நான் இன்னைக்கு உக்காந்து வரையறேன் கோக்கா" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். தனக்குத் தானே மூன்று சட்டம் போட்டுக்கொண்டாள். திரையைப் பெரிதாக்கக் கூடாது. அன்டூவைத் தொடக் கூடாது. பாட்டில் ஒரு வரி முடிவதற்குள் ஒருவரின் இரண்டு கைகளும் முடிந்துவிட வேண்டும்.

முதல் கை உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. அழிக்க ஆசையாக இருந்தது. அதற்குள் அடுத்த வரி தொடங்கிவிட்டது. பத்தாவது கை, கையுறை மாதிரி வந்தது. இருபதாவது கை எதையோ சொல்ல ஆரம்பித்தது.

டேப்லெட்டில், கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பதுபோல, அடுக்கு அடுக்காக வரையலாம். கீழ் அடுக்கை மங்கலாக்கிவிட்டு அதன் மேலேயே திரும்ப வரையலாம். முதல் பாட்டின் கைகள் ஓர் அடுக்கு. இரண்டாவது பாட்டின் கைகள் இன்னோர் அடுக்கு. வியாழக்கிழமை ஒத்திகையில், எல்லாவற்றுக்கும் மேலே, விரல்கள் பிரிந்த நிஜமான கைகள். பதினாலு பேருக்கு இருபத்தெட்டு. தன்னுடைய இரண்டைக் கண்ணாடியில் பார்த்து வரைந்தாள்.

அவற்றில் நான்கைந்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் ஒன்றுகூட ஒளிந்துகொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளி வேனில் கோக்கா மராயாவையும் டிப்பேனேயையும் மாமாவின் கடைக்குக் கூட்டிப்போனார். படம் மாமாவின் பெரிய திரையில் ஏறியது.

மாமா கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார்.

"மராயா, ஒரு ஆளுக்கு எத்தன கை?"

"ரெண்டு மாமா."

"இங்க ஆறு இருக்கே!"

மராயாவுக்கு உடனே புரிந்தது. கீழே இருந்த இரண்டு அடுக்குகளையும் மறைக்க மறந்துவிட்டாள். விரிசல் விட்ட பழைய திரையில் கண்ணுக்கே தெரியாத மங்கல் கோடுகள், இந்தப் பெரிய திரையில் ஒவ்வொரு கையைச் சுற்றியும் நிழல் நிழலாகத் தெரிந்தன.

"இதுக்குத்தான் முறையாப் படிக்கணும்கிறது" என்றார் மாமா. குரலில் வருத்தத்தைவிடத் திருப்தி கொஞ்சம் அதிகம். "இந்தப் பொடியனப் பாரு, அஞ்சு தலைதான் இருக்கான். சாஸ்திரப்படி எட்டு."

"அவன் அவ்ளோதான் மாமா இருக்கான். நீங்க கொஞ்சம் நேரா நில்லுங்க" என்றாள் மராயா. பேனாவைக் கை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி, மாமாவைத் தலையில் இருந்து கால்வரை அளந்தாள். "ஒண்ணு... ரெண்டு... ஆறே கால்."

"குனிஞ்சு நின்னிருப்பேன்."

மாமா நிமிர்ந்தார். மூச்சை இழுத்துப் பிடித்தார். மராயா மறுபடி அளந்தாள்.

"ஆறரை."

கோக்கா சான்றிதழைப் படிப்பதுபோல் அவசரமாகத் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

மராயா அடுக்குகளை மறைக்கத் திரையருகே போனாள். ஒன்றை மறைத்தாள். சுத்தமாகிவிட்டது. இரண்டாவதையும் மறைத்தாள். இன்னும் சுத்தம். கைகள் தெளிவாக, சரியாக, சும்மா இருந்தன.

செத்துப்போன கைகள்!

இரண்டு அடுக்குகளையும் திரும்பக் கொண்டுவந்தாள். கடை வாசல் வரைக்கும் பின்னால் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள்.

"இதுங்க இருக்கட்டும் மாமா" என்றாள்.

"தப்ப எப்படிம்மா இருக்க விடறது? மூணு மீட்டர் துணி!"

"இதுவரைக்கும் தப்புதான். இப்ப நான் வேணும்னுதான் வைக்கறேன். இங்க வந்து நின்னு பாருங்க. ஒரே ஒரு தடவ."

மாமா பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்தார். வாசலில் நின்று பார்த்தார்.

தூரத்தில் இருந்து பார்க்கும்போது ஆறு கைகள் இல்லை. இரண்டே கைகள், படபடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. இருபத்தெட்டுக் கைகளும், வெயிலில் ஆற்றுத் தண்ணீர் மினுங்குவது போல, ஒரே நேரத்தில் நடுங்கின.

மாமா இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை.  அவரும் சின்ன வயதில் இதே பள்ளியின் முன்வரிசையில் ஆடியவர்.

"மாமா, உங்க கை" என்றான் டிப்பேனே.

இடுப்பருகே மாமாவின் விரல்கள் தாமாகவே நடுங்கிக்கொண்டிருந்தன. மாமா குனிந்து தன் கைகளைப் பார்த்தார். மெல்லப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"மெஷினப் போடறேன்" என்றார். "கடைப்பேரு மட்டும் கீழ..."

"டிப்பேனே கால் மேல வேணாம் மாமா. பின்பக்கம் போட்டுக்கோங்க."

குழு ஒருமனதாக ஒத்துக்கொண்டது.

சனிக்கிழமை கிஸ்போர்னில் பரிசுகள் பெரிய பள்ளிகளுக்குப் போயின. அவை வழக்கமாகப் போகும் இடம் அதுதான். ஆனால் அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் பதாகையைப் பார்க்கக் கூட்டமாக வந்தார்கள். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்தார்கள், கிட்டே வந்து பார்த்தார்கள், மறுபடி தள்ளிப் போனார்கள்.

டிப்பேனே பதாகைக்குப் பக்கத்திலேயே காவல் நின்றான். "இது நான். முழுசா நான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். சிலரிடம் இரண்டு தடவை.

"இது யாரு வரைஞ்சது?" என்று வேறொரு பள்ளி ஆசிரியர் கேட்டார்.

"என் மேற்பார்வையில..." என்று தொடங்கினார் பரத்தேனே மாமா. பக்கத்தில் கோக்கா இருமினார். மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "என் மருமக வரைஞ்சா. மராயா. பதினோரு வயசு."

மராயா ஆறரைத் தலை மாமாவைப் பார்த்தாள். அந்த நேரத்தில் எட்டுத் தலை தாராளமாக இருந்தார்.

கடைசியில் புகைப்படக்காரர் வந்தார். பதினாலு பேரையும் பதாகைக்கு முன்னால் மூன்று வரிசையாக நிறுத்தினார். டிப்பேனேயை மராயா இழுத்து முன்வரிசையில் தனக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். புகைப்படக்காரர் கேமராவுக்குள் பார்த்தார். ஏதோ குறை தெரிந்தது போலிருக்கிறது.

"அழகா இருக்கு! எல்லாரும் கைய மட்டும் பின்னாடி கட்டிக்கோங்க பாப்போம்!"

 பதினாலு பேரும் சேர்ந்து, கிஸ்போர்ன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்கள்:

"முடியாது!"

இருபத்தெட்டுக் கைகளும் மேலே எழுந்து நடுங்கின. புகைப்படத்தில் அவை எல்லாமே கலங்கலாகத்தான் விழுந்தன. அதை அப்படியே சட்டம் போட்டுப் பள்ளியில் மாட்டியிருக்கிறார்கள்.